ஒரே முற்றத்தில் அத்தனை கோழிகளும்

தங்கராசு போய்ச் சேர்ந்து ஆறு மாதமாகிறது. அவன் பெண்டாட்டி மேனகா இன்னும் அழவில்லை.

துக்கத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். அடக்குவதற்கு உள்ளேயிருந்து ஏதாவது முட்டிக்கொண்டு வந்தால்தானே? சாவு வீட்டில் பெண்கள் கட்டிக்கொண்டு அழ வந்தபோது, அவர்கள் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டு, காபிக்குப் பால் போதுமா என்று சமையல்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். காரியம் முடிந்த மறுநாள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். சொந்தபந்தம் சும்மா இருக்குமா? கல்நெஞ்சக்காரி என்றார்கள். எவனையோ வைத்திருப்பாள் என்றுகூட ஒருத்தி சொன்னாள். எல்லாம் மேனகா காதில் விழுந்தது. கொசு கடித்த அளவுக்குக்கூட உறைக்கவில்லை.

உறைத்தது மகளுக்கு. தர்ஷிணி அப்பா செல்லம். கட்டிக்கொடுத்தது ஈரோட்டில். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டார்கள். முதல் பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போகும் வழக்கம் எங்கள் பக்கம் இன்னும் மாறவில்லை. நாட்டில் கோழி போய்த் தொட்டியில் வளர்க்கும் கறி வந்துவிட்டது, பஸ்ஸில் டிரைவர் சீட்டே இல்லாமல் போய்விட்டது, இது மட்டும் அப்படியே இருக்கிறது. மேனகா கட்டுச்சோற்றோடு போனாள். புருஷன் இல்லாதவள் என்று பின்வரிசையில் நிறுத்தினார்கள், நின்றாள். எல்லாம் முடிந்து, "கிளம்பலாமா சாமி?" என்று மகளைக் கேட்டபோது தர்ஷிணி எல்லோர் முன்னாலும் வாயைத் திறந்தாள்.

"நான் வரலை. அப்பா செத்தப்ப உன்ற கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரலை. என்ற புள்ளைய உன் மடியில எப்படிப் போடறது? நான் இங்கயே பெத்துக்கறேன்."

"சரி சாமி" என்றாள் மேனகா. காலிப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வலிக்க வேண்டிய இடம் எது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. வலிதான் வரவில்லை. மகள் தன் வீட்டுக்கு வர வேண்டும் என்று மட்டும் இருந்தது, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு ராசிபுரம் வந்து சேர்ந்தாள்.

அவள் வேலை பார்த்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு விலங்குப் பூங்கா. புலி இருக்கிறது, நீர்யானை இருக்கிறது, ஆனால் சனங்கள் வரிசையில் நிற்பது கோழி முற்றத்துக்குத்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பறவைக் காய்ச்சல் வந்து, நாட்டில் கோழி என்று ஒன்று இல்லாமல் கொன்று புதைத்த பிறகு, வீட்டில் கோழி வைத்திருந்தால் கேஸ் போடுவார்கள். இனம் அழியாமலிருக்கக் காத்து வைத்த முட்டைகளில் பொரித்தவை இந்தப் பூங்காவில் மட்டும்தான், பார்க்க வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும். நாட்டுக்கோழியில் சிறுவிடை, பெருவிடை, சண்டைக்கு வளர்த்த அசீல், எலும்பு வரை கறுத்த கடக்நாத், கழுத்தில் மயிர் இல்லாத மொட்டைக்கழுத்து, முட்டைக்கென்றே பிறந்த வெள்ளை லெகார்ன், நாலு எட்டு வைத்ததும் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும் பிராய்லர். அத்தனையும் ஒரே முற்றத்தில், ஒன்றையொன்று சட்டை செய்யாமல் மேயும். பூங்காவின் பெருமையே அதுதான்.

"ஏங்க, இந்தச் சண்டைச் சேவலுங்க அடிச்சுக்காதா?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள்.

"அடிச்சுக்காதுங்க. சாம்பிராணி போட்டிருக்குது" என்பாள் மேனகா.

சாம்பிராணி என்பது வேலைக்காரர்கள் வைத்த பெயர். காலையில் முற்றத்தைச் சுற்றியுள்ள குழாய்களில் வெள்ளையாக ஒரு மூட்டம் வரும். கோழிகளின் பயத்தை எடுத்துவிடும் மருந்து. காய்ச்சல் காலத்தில் கோழிகள் கத்திய கத்தலை டி.வி.யில் பார்த்து உலகமே பதறிப்போனதில், அடுத்த முறை கொல்லும்போது அவற்றுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று கண்டுபிடித்தது. அடுத்த முறை கொல்லக் கோழி இல்லை. மருந்து மிச்சம். பூங்காக்காரர்கள் வாங்கிப் போட்டார்கள். குழந்தைகள் குஞ்சைத் தூக்கினால் தாய்க்கோழி கொத்தாது, போட்டோ எடுக்க மடியில் வைத்தால் திமிறாது. கூட்டம் அலைமோதியது.

டாக்டர் பெனாசிர் வந்து சேரும்வரை இதில் யாருக்கும் குறை தெரியவில்லை. வாணியம்பாடிக்காரி, முப்பது வயது இருக்கும், கால்நடை மருத்துவர். வந்த இரண்டாம் வாரமே மேனகாவைக் கூப்பிட்டாள்.

"மேனகாக்கா, இங்க எந்தக் கோழியுமே அடை உட்காராதா?"

"உட்காராதுங்க டாக்டரம்மா. முட்டைய மெஷின்லதான் பொரிக்கறோம். குஞ்ச விட்டா கூட்டிட்டு மேயும். பருந்து வந்து ஒண்ணைத் தூக்கிட்டுப் போனாலும் அது பாட்டுக்கு மேயும்."

"பயத்தை எடுத்தா பயம் மட்டும் போகும்னு நெனச்சுட்டாங்க. கூடவே என்னென்ன போகுதுன்னு யாரும் பாக்கல" என்றாள் பெனாசிர். அப்புறம் மேனகாவின் முகத்தைப் பார்த்தாள். "உங்க மாஸ்க் ஏன் தாடையில தொங்குது?"

அங்கே தீனி போட்ட எல்லோரும் செய்த காரியம் அது. மூட்டம் வரும் நேரத்தில் முகமூடி போட வேண்டும் என்பது விதி. தீனி வைப்பதும் அதே நேரத்தில். முகமூடிக்குள்ளிருந்து "பா... பா... பா..." என்று கூப்பிட்டால் பானைக்குள்ளிருந்து கூப்பிடுவதுபோல் இருக்கும், ஒரு கோழி திரும்பிப் பார்க்காது. அதனால் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு கூப்பிடுவார்கள். மற்றவர்கள் மான், முதலை என்று மாறிப் போய்விடுவார்கள். மேனகா மட்டும் எட்டு வருஷமாக இதே முற்றத்தில்.

பெனாசிர் அவளை உட்கார வைத்துத் துருவித் துருவிக் கேட்டாள். தூக்கம் எப்படி, கோபம் வருமா, பாம்பைப் பார்த்தால் என்ன செய்வீர்கள். மேனகா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். புருஷன் செத்ததும் அழாததும்கூட அதில் வந்தது, தீனிச் செலவு சொல்வது போலச் சொன்னாள்.

பெனாசிர் எழுந்து நின்றுவிட்டாள். "அக்கா, இது நீங்க இல்லக்கா. இந்த மருந்து! எட்டு வருஷமா உள்ள இழுத்திருக்கீங்க. நான் ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பறேன். நிரூபிச்சுட்டோம்னா இந்தச் சனியனை நிறுத்திடலாம்."

அவளுக்கு மேனகாமேல் இரக்கம் இருந்தது பொய்யில்லை. கோழிகள்மேல் இருந்த இரக்கம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். இரண்டையும் ஒரே ஊசியில் எடுத்துக்கொண்டாள்.

சங்கதி ஈரோட்டுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? மறுநாளே தர்ஷிணி மூட்டை முடிச்சோடு வாசலில் நின்றாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "மருந்தாம்மா? அந்த மருந்துதானா? நான் உன்னை என்னென்னவோ பேசிட்டனேம்மா! எங்க அத்தையும் சொன்னாங்க, பாவம்டி உங்கம்மா, போய் இருன்னு."

மேனகா மகள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். மகள் வந்துவிட்டாள், அது நல்லது என்று பட்டது. அன்று பருப்பு கடைந்து, மகளுக்குப் பிடித்த கத்தரிக்காய் வணக்கி வைத்தாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் தர்ஷிணி கேட்பாள்: "ஏதாச்சும் வந்துச்சாம்மா?" அழுகை வந்ததா என்று அர்த்தம். ரத்தம் கொடுத்த நாளிலிருந்து மேனகா முகமூடியை இறக்கவில்லை, மருந்து இறங்க ஆரம்பித்திருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். "இன்னும் இல்ல சாமி" என்பாள் மேனகா. "வரும்மா, மெதுவா வரும்" என்பாள் மகள். மாப்பிள்ளை கிஷோர் போனில் விசாரிப்பான். அழாதவளுக்குச் சத்துக் குறைவு வந்தது போல ஆளுக்கொரு பக்கம் பரிவு காட்டினார்கள்.

இதற்கிடையில் பெனாசிர் மேலதிகாரிகளிடம் மல்லுக்கட்டி ஒரே ஒரு பட்டிக்கு மூட்டத்தை நிறுத்த அனுமதி வாங்கினாள். முற்றத்தின் ஓரத்தில் வலை அடித்த சின்னப் பட்டி. அதில் ஒரு சிறுவிடைக் கோழியும் மெஷினில் பொரித்த குஞ்சுகளும். முதலில் அது எப்போதும் போலத்தான் மேய்ந்தது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலையில் மேலே பருந்து ஒன்று வட்டம் போட்டது. முற்றத்தில் ஒரு தலை நிமிரவில்லை. பட்டியில் இருந்தது மட்டும் தொண்டை கிழியக் கத்தியது. குஞ்சுகள் நாலா பக்கமிருந்தும் ஓடிவந்து அதன் இறக்கைக்குள் பூந்துகொண்டன. தண்ணீர் வைக்கப் போன மேனகாவின் கையில் பாய்ந்து ஒரு கொத்து! ரத்தம் வந்துவிட்டது.

"கொத்திருச்சா? கொத்திருச்சாக்கா?" பெனாசிர் கைதட்டிக் குதித்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஆமாங்க, நல்லா கொத்திருச்சு" என்றாள் மேனகா. டாக்டர் அழுவதையும், கோழி உடம்பெல்லாம் சிலிர்த்து நடுங்குவதையும் மாறி மாறிப் பார்த்தாள். இது வர வேண்டியதுதான் போலிருக்கிறது, நமக்கும் இப்படித்தான் வரும் போலிருக்கிறது என்று நினைத்தாள். கையைக் கழுவி மருந்து போட்டுக்கொண்டாள்.

சென்னையிலிருந்து முடிவு வந்த அன்று பெனாசிர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினாள்.

"பூஜ்யம்க்கா" என்றாள்.

"அப்படின்னா?"

"மருந்து உங்க ரத்தத்துல இல்ல. மூளைக்கும் போயிருக்காதுன்னு எழுதியிருக்காங்க. பறவைங்க மூளையில இது போய் உட்கார ஒரு எடம் இருக்கு. நமக்கு அந்த எடமே கெடையாதாம். மூக்கு வழியா போறது மூத்திரத்துல போயிடும். எட்டு வருஷம் இல்ல, எம்பது வருஷம் சுவாசிச்சாலும் ஒண்ணும் ஆகாதாம்."

மேனகா தலையாட்டினாள். "அப்ப சாம்பிராணிய நிறுத்த மாட்டாங்களா?"

"கோழிக்குக் கெடுதல்னு எழுதினா யாருக்கா நிறுத்துவாங்க? மனுஷனுக்குக் கெடுதல்னாத்தான் நிறுத்துவாங்க. பட்டியில திரும்பவும் போடச் சொல்லி ஆர்டர் வந்தாச்சு." பெனாசிர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "அக்கா, தப்பா நெனக்காதீங்க. மருந்து இல்லைன்னா, இது எப்பலேருந்து உங்களுக்கு?"

மேனகா யோசித்தாள். இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை இருந்துச்சுங்க. மூணு ஷெட்டு, ஆறாயிரம் கோழி. காய்ச்சல் வந்தப்ப கொல்றதுக்கு ஆள் பத்தலை, அவங்கவங்க பண்ணைய அவங்கவங்களே முடிச்சுக்கங்கன்னுட்டாங்க. ரெண்டு ஷெட்டுக்குக் கொல்ற வாயு வந்துச்சு. மூணாவது ஷெட்டுக்கு வரலை. கையிலதான் பண்ணணும். எங்க வீட்டுக்காரரு அம்பது அறுபது பண்ணிட்டு, முடியலைன்னு தீவன மூட்டைமேல உக்காந்து அழுதுட்டாரு. யாராச்சும் ஒருத்தர் முடிக்கணுமில்லைங்களா? நான் முடிச்சேன். ரெண்டு பகல் ஆச்சு. அப்பறம் குழி தோண்ட வந்தவங்களுக்குத் தக்காளி சோறு ஆக்கிப் போட்டேன்."

"அன்னிக்கு அழுதீங்களா?"

"அன்னிக்கு அழுதிருந்தா முடிச்சிருக்க முடியாதுங்களே. அப்பறமா அழுதுக்கலாம்னு இருந்தேன்."

பெனாசிர் அழப்போகிறாள் என்று தெரிந்து மேனகா தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள்.

பட்டிக்கான குழாயைத் திறக்க வேண்டியவளும் மேனகாதான். வேறு யார் இருக்கிறார்கள்? சிறுவிடை அவளைக் கண்டதுமே இறக்கையை விரித்துக்கொண்டு சீறியது. "இரு, இரு" என்றாள். திருகைத் திருகினாள். மூட்டம் தரையோடு படர்ந்து வந்து கோழியின் காலை மூடியது, மார்பை மூடியது. கொஞ்ச நேரத்தில் விரிந்திருந்த இறக்கை தொங்கி, பிறகு ஒழுங்காக மடங்கிக்கொண்டது. குஞ்சுகள் கீச் கீச்சென்று கால்களுக்கிடையில் முட்டின. கோழி அவற்றைத் தாண்டி எட்டு வைத்து மேயப் போயிற்று. அதைப் பார்த்தால் எனக்கெல்லாம் சோறு இறங்காது. மேனகா கணக்காகத் தீனி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

தர்ஷிணிக்குக் கால் வீங்கியிருந்தது. மேனகா வெந்நீர் போட்டு, உப்பைக் கரைத்து, வாளியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். மகள் நாற்காலியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டாள்.

"ஏதாச்சும் வந்துச்சாம்மா?"

"இல்ல சாமி."

"மாசக் கடைசியோட வேலைய விட்டுடு. அப்பத்தான் குழந்தை பொறக்கறதுக்குள்ள முழுசா எறங்கும்."

மேனகா செம்பால் நீரை மொண்டு மகள் காலில் ஊற்றினாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். ஆனால் பொய்யை வைத்துக் காப்பாற்றுவதற்கு மனதில் ஒரு பயம் வேண்டும், உண்மை தெரிந்தால் என்னாகுமோ என்ற பயம். அவளிடம் அது இல்லை.

"மருந்து இல்லையாம் சாமி. ரிசல்ட் வந்துருச்சு. என்ற ரத்தத்துல ஒண்ணுமே இல்லையாம். நான்தான் இப்படி."

தர்ஷிணி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"அப்பா போனதுக்கப்பறம் உன் ஆஸ்பத்திரி விவரமெல்லாம் என்ற போனுக்குத்தானே வருது. முந்தாநாளே வந்துருச்சு."

"தெரிஞ்சுமா நேத்து அழுகை வந்துச்சான்னு கேட்டே?"

"கேட்டேன்."

"தெரிஞ்சும் இங்கயே இருக்கறயே?"

"எங்கம்மா போகச் சொல்றே?" மகள் காலை வாளிக்குள் உதறினாள். "மருந்துன்னு சொன்னதாலதான் எங்க அத்தை அனுப்புனாங்க. மருந்துன்னு நெனச்சாத்தான் என்னாலயும் உன்ற மூஞ்சியப் பாக்க முடியுது. அப்பாவ நெனச்சா அழுகை வரும், உன்னை நெனச்சா ஆத்திரம் வரும், அந்த ஆத்திரத்தக் கொட்ட ஒரு எடம் கெடச்சுது. படுத்துட்டு அந்த மருந்தக் கண்டுபுடிச்சவனுகளத் திட்டிட்டு நிம்மதியாத் தூங்கினேன். நீ வாய மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா? இனி நான் யாரைம்மா திட்டுவேன்?"

"என்னையத் திட்டு."

"உன்னையத் திட்டினா உனக்கு உறைக்காதே!"

மேனகா இன்னொரு செம்பு மொண்டு ஊற்றினாள். தர்ஷிணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பேசினாள், குரலில் கோபம்கூட மிச்சமில்லை.

"நான் போகப் போறதில்லை. புள்ள பொறந்ததும் மொதல்ல உன்ற கையிலதான் குடுக்கச் சொல்லுவேன். குடுத்துட்டு உன்ற மூஞ்சிய நான் படுத்த வாக்குல பாத்துட்டே இருப்பேன். அதுல ஒண்ணுமே இல்லைன்னு வையி..." அதோடு நிறுத்திக்கொண்டாள்.

மேனகா அந்த அறையை நினைத்துப் பார்த்தாள். சாதாரணமாகத்தான் நினைத்தாள், நாளைக்கு வேண்டிய சாமான்களை நினைப்பது போல. கட்டில். துணியில் சுற்றிய குழந்தையை நர்ஸ் கொண்டுவந்து கையில் வைக்கிறாள். குழந்தை சூடாக இருக்கிறது. கட்டிலிலிருந்து மகள் தன் முகத்தைத் தேடுகிறாள். முகத்தில் ஒன்றும் வரவில்லை. மகள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். இன்னமும் ஒன்றும் வரவில்லை. மகள் மெல்ல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.

கையிலிருந்த செம்பு வாளி விளிம்பில் கடகடவென்று தட்டியது. என்ன சத்தம் என்று குனிந்து பார்த்தாள், தன் கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது. வாய் உலர்ந்துபோயிற்று. இது என்னவென்று முதலில் அவளுக்குப் பிடிபடவில்லை. அத்தனை வருஷமாகிவிட்டது.

"சாமி."

"என்ன?"

"எனக்குப் பயமா இருக்குது."

தர்ஷிணி நிமிர்ந்தாள். அம்மா வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் விவரம் தெரிந்து கேட்டதே இல்லை. காலை வாளியிலிருந்து எடுத்து, தரையெல்லாம் ஈரமாக, முன்னால் சரிந்து அம்மாவின் நடுங்குகிற கையைச் செம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொருக்கா சொல்லும்மா" என்றாள்.

மேனகா இன்னொருக்காவும் சொன்னாள்.